டோஸைக் கூட்டும் முன் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் வந்து 14 வருடம். ஒன்றரை வருடமாகக் காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின். பாட்டிலும் சிரிஞ்சும் வைத்துத் தானே வயிற்றில் போட்டுக்கொள்கிறார். காலை 18 யூனிட், இரவு 10 யூனிட் என்று ஆரம்பித்தது இப்போது 34, 22 என்று வந்து நிற்கிறது. அப்படியும் ஒரு நாள் சர்க்கரை 290, இன்னொரு நாள் 62. சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. இன்சுலின் அம்மாவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, மறுபடி மாத்திரைக்கே போய்விடலாமா என்று மகன் கேட்டிருக்கிறார்.

தம்பி, மாத்திரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இன்சுலினை மட்டும் அதுவரை நிறுத்திவிடாதீர்கள். நான் 23 வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை நோய்ப் பிரிவில், ஊசி போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. டோஸ் ஏறிக்கொண்டே போய், சர்க்கரையும் இப்படித் தாறுமாறாக ஆடுகிறது என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது சாப்பாட்டுக் கணக்கை அல்ல. "ஊசி போடும் இடத்தைக் காட்டுங்கள்" என்பேன்.

உங்கள் வீட்டிலும் அங்கேயே ஆரம்பியுங்கள். அம்மா மல்லாந்து படுத்துக்கொண்டு, வழக்கமாக ஊசி குத்தும் இடத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்க்கட்டும். கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். தோலுக்கு அடியில் ரப்பர் மாதிரி தடிப்போ, கொழுக்கட்டை போல மெத்தென்ற மேடோ தட்டுப்பட்டால், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் பல நேரம் தெரியாது, கைதான் கண்டுபிடிக்கும்.

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் மாதக் கணக்கில் குத்தினால் அந்த இடத்துக் கொழுப்பு பெருத்துக் கட்டிபோல ஆகிவிடும். அங்கே குத்தினால் வலி குறைவு. அதனால் கை தானாக அங்கேயே போகும், கட்டி இன்னும் வளரும். அந்த இடத்தில் போட்ட இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் அப்படியே தேங்கி நிற்கும், சர்க்கரை 290 காட்டும். நம்மவர்கள் டோஸைக் கூட்டுவார்கள். இன்னொரு நாள் அதே டோஸ் நல்ல இடத்தில் விழுந்து முழுசாக வேலை செய்யும், 62க்கு இறங்கும். உங்கள் அம்மாவுக்கு ஏறிய டோஸில் எவ்வளவு அவருக்கு உண்மையிலேயே தேவை, எவ்வளவு அந்தக் கட்டிக்குப் போகிறது என்பதைக் கட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் கண்டுபிடிக்க முடியும்.

இப்படி இடம் மாற்றுவதை அவசரமாகச் செய்துவிடாதீர்கள். கட்டியில் 34 யூனிட் போட்டுப் பழகியவர் நாளைக் காலை புது இடத்தில் அதே 34 யூனிட் போட்டால், சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதனால் கட்டி தட்டுப்பட்டால், இடம் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி டோஸை எவ்வளவு குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. இடம் மாற்றிய முதல் ஒன்றிரண்டு வாரம் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். கட்டி உள்ள இடத்தை மாதக் கணக்கில் சும்மா விட்டால் மெல்ல மெல்லக் கரையும்.

புது இடம் எது? வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு மற்ற இடம், தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும், பிட்டத்தின் மேல்பகுதி. மேல்கையின் பின்புறமும் உண்டு, ஆனால் தானே போட்டுக்கொள்கிறவருக்கு அங்கே தோலைப் பிடிக்க முடியாது. வயிற்றில் போட்டால் வேகமாக ஏறும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாக. அதனால் 30/70 போடுகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது, காலையில் வயிறு, இரவில் தொடை. இரவு மெதுவாக ஏறினால் நடு ராத்திரியில் சர்க்கரை விழுவது குறையும். வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாகத்துக்குள்ளும் நேற்று குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இன்று குத்த வேண்டும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் 'வ.மேல்' (வலது மேல்), 'இ.கீழ்' (இடது கீழ்) என்று குறித்து வைக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கட்டியே வந்ததில்லை.

அடுத்து சிரிஞ்ச். இதை விட்டுவிடாமல் இன்றைக்கே பாருங்கள். இந்தியாவில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ இன்சுலின் ஊசியில் போடும் கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குழாய்) ஒரு மில்லிக்கு 100 யூனிட். சில புது வகை இன்சுலின்கள் பாட்டிலிலேயே 100 யூனிட்டாக வருவதும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்து 34 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 13.6 யூனிட்தான். தலைகீழாக, 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 34 கோடு வரை இழுத்தால் 85 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து.

எங்களிடம் வந்த ஒரு பெரியவரை நான் மறக்கவே முடியாது. கடையில் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது, "இதுவும் இன்சுலின் சிரிஞ்சுதான்" என்று ஆரஞ்சு மூடி கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் அதில் போட்டார். சர்க்கரை 400ஐத் தாண்டியது. சிரிஞ்சை யாரும் பார்க்கவில்லை, டோஸை மட்டும் கூட்டினார்கள். நாலாவது வாரம் கடைக்குச் சிவப்பு மூடி வந்தது. கூட்டிய டோஸைச் சரியான சிரிஞ்சில் போட்ட அன்றே மயங்கி விழுந்தார். மகள் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தார். நான் உட்பட அங்கிருந்த எவரும் "சிரிஞ்சைக் கொண்டு வாருங்கள்" என்று முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் அது நடந்தே இருக்காது. அன்றிலிருந்து மருந்து, சிரிஞ்ச், சுகர் மிஷின் மூன்றும் பையில் இல்லாமல் யாரையும் நான் உட்கார வைத்ததில்லை.

கூடவே, அம்மாவுக்கு அந்தச் சின்னக் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். 14 வருடச் சர்க்கரையில் கண்புரையோ விழித்திரைப் பாதிப்போ இருக்கலாம். 34 என்று நினைத்து 30இலும் 38இலும் நிறுத்துகிறாரோ என்னவோ. நாலு நாள் அவர் இழுத்த பிறகு வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண் சோதனை செய்து ஒரு வருடம் ஆகிவிட்டால் அதையும் முடித்துவிடுங்கள்.

இனி பாட்டில். 30/70 என்பது பால் மாதிரிக் கலங்கலாக இருக்கும் மருந்து. 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் தெளிந்த இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் கலங்கல் இன்சுலின். பாட்டிலைச் சும்மா வைத்தால் கலங்கல் அடியில் படிந்துவிடும். கலக்காமல் இழுத்தால் ஒரு நாள் வேகமான மருந்து அதிகம், இன்னொரு நாள் மெதுவானது அதிகம். அம்மாவின் 62க்கும் 290க்கும் இதுவும் காரணமாக இருக்கலாம். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துப் பத்து முறை உருட்டி, பிறகு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அடியில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லாமல் ஒரே சீரான பால் நிறம் வர வேண்டும். இருமல் மருந்தைக் குலுக்குவதுபோலக் குலுக்கக் கூடாது, நுரை வந்து அளவு தப்பும். உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகவோ, கண்ணாடி ஓரத்தில் உப்புப் பூத்ததுபோலவோ தெரிந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

இழுக்கும் முன் அதே அளவு காற்றைப் பாட்டிலுக்குள் தள்ள வேண்டும், அப்போதுதான் மருந்து சிரமமில்லாமல் வரும். சிரிஞ்சில் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். தோலுக்கு அடியில் போகும் குமிழியால் ஆபத்து எதுவும் இல்லை, குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இல்லை என்பதுதான் பிரச்சினை. குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலுக்கு ஸ்பிரிட் கட்டாயம் இல்லை. தடவினால் நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும். சிரிஞ்ச் ஊசி பேனா ஊசியைவிட நீளம், அதனால் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகத் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். மருந்தை முழுக்கத் தள்ளிய பிறகு பத்து எண்ணிவிட்டு உருவுங்கள். குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம். ஒரு பொட்டு ரத்தம் வந்தால் பஞ்சால் அழுத்தினால் போதும். போட்ட கையோடு அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றுவதோ, தைலம் தேய்ப்பதோ கூடாது, இன்சுலின் வேகமாக ஏறிவிடும்.

ஒரே ஊசியை எத்தனை நாள் உபயோகிக்கிறார் என்று கேளுங்கள். ஒரு முறை மட்டும் என்பதுதான் விதி. செலவை நினைத்து நம் வீடுகளில் ஒரு வாரம், பத்து நாள் ஓட்டுவதை நான் அறிவேன், அதற்காக யாரையும் திட்டியதும் இல்லை. ஆனால் முனை மழுங்கிய ஊசிதான் வலியும், ரத்தக்கட்டும், நான் மேலே சொன்ன கொழுப்புக் கட்டியும் கொண்டுவருகிறது. வாங்க முடிந்தவரை அடிக்கடி மாற்றுங்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும்.

இப்போது நேரம். தினசரி வாழ்க்கையில் பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான். உங்கள் அம்மா போடுவது ஹியூமன் (பழைய வகை) 30/70 என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அனலாக் (சீக்கிரம் வேலை செய்யும்படி மாற்றிய புது வகை) கலவை என்றால் சாப்பிட உட்காரும்போது. எது என்று பாட்டிலின் பெயரைச் சொல்லி டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு அதன் பிறகு மாவைக் கரைத்து, பேரப்பிள்ளைக்கு டப்பா கட்டி, ஒன்பதரை மணிக்குச் சாப்பிடும் அம்மாக்கள் எத்தனை பேர்! அதற்குள் இன்சுலின் பாதி வேலையை முடித்திருக்கும். இட்லி வெந்து தயாராகப் போகிறது என்று தெரிந்த பிறகு ஊசியை எடுக்கச் சொல்லுங்கள். காலையில் போட்ட 70 பங்கு மதியம்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போகக் கூடாது. அமாவாசை, சஷ்டி விரதம் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லி அன்றைய டோஸைக் கேட்டு வையுங்கள். ஊசி போட்டுவிட்டுப் பட்டினி இருக்கவே கூடாது. காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் தானாக இன்சுலினை அடியோடு நிறுத்தாமல், சர்க்கரையைப் பார்த்து உடனே டாக்டரைக் கேட்க வேண்டும், ஏனென்றால் உடம்பு சரியில்லாதபோது சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டையும் சேர்த்துப் போடுவது ஒருபோதும் வேண்டாம்.

அந்த 62 எத்தனை மணிக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. 70க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, திடீர்க் கோபம், பேச்சுக் குழறல் எல்லாம் அறிகுறி. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை எடுத்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். தூக்கத்தில் நடந்தால் கெட்ட கனவு, காலையில் தலைவலி, நனைந்த தலையணை. சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு எழுப்பிச் சர்க்கரை பாருங்கள்.

இறங்கிவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடு. லட்டு, சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாக ஏறும். டாக்டர்கள் கூடச் சொல்ல மறந்துவிடும் ஒரு விஷயம்: அம்மா வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் எடுத்தால், சாதாரணச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் கலப்பதை அந்த மாத்திரை தடுத்துவிடும். அவர்களுக்குக் குளுக்கோஸ் தூள்தான் வேண்டும். தலைமாட்டில் ஒரு பாக்கெட், கைப்பையில் ஒன்று இருக்கட்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

காரணமில்லாமல் அடிக்கடி இறங்குகிறது, கால் வீக்கமும் இருக்கிறது என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், டோஸ் குறைய வேண்டியிருக்கும்.

பத்திரப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம். பிரிக்காத பாட்டில் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீஸர் பக்கம் போகவே கூடாது, ஒரு முறை உறைந்தால் உருகிய பிறகும் அது வீண். பிரித்த பாட்டில் பொதுவாக நான்கு வாரம் வரை அறையிலேயே இருக்கலாம், ஆனால் அது சூடில்லாத அறைக்குச் சொன்னது, நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குச் சொன்னது அல்ல. வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் கதவில் வைத்து, போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு எடுத்து வெளியே வையுங்கள், குளிரோடு போட்டால் வலிக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை நன்றாக உதவும்: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து, தினம் மணலை நனைக்க வேண்டும். ஒரு பாட்டிலில் மொத்தம் 400 யூனிட், அம்மா ஒரு நாளைக்கு 56 யூனிட் போடுகிறார், ஏழு நாளில் தீர்ந்துவிடும். அதனால் பிரித்த பாட்டில் பழசாகும் பிரச்சினை உங்களுக்கு இல்லை. தினம் பத்து யூனிட் போடுகிறவருக்குத்தான் அது 40 நாள் வரும், அவர் நாலு வாரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போது மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

சரி, மாத்திரை. 14 வருடம் ஆனவர்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரப்பது நிறையவே குறைந்திருக்கும். மாத்திரை பெரும்பாலும் இருக்கும் சுரப்பைத் தூண்டவோ, உள்ளதை நன்றாகப் பயன்படுத்த வைக்கவோ செய்யும். போதுமான இன்சுலினே இல்லாத இடத்தில் அது மட்டும் என்ன செய்யும்? இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம் அம்மாவுக்கு இருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். உடம்பில் குறைந்துபோன ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் முதன்முதலாகப் போடப்பட்டபோது பெரிய பலன் இல்லை, குத்திய இடம் வீங்கிச் சீழ் வைத்ததுதான் மிச்சம். மருந்து சரியில்லை என்று அங்கிருந்த டாக்டர்கள் விட்டுவிடவில்லை. கோலிப் என்பவர் அதை இன்னும் சுத்தம் செய்தார், ஜனவரி 23 முதல் மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களும் இப்போதே முடிவு கட்டாதீர்கள். மேலே சொன்னதை எல்லாம் சரிபார்த்த பிறகும் சர்க்கரை ஆடினால், டாக்டர் வேறு வகை இன்சுலினுக்கோ பேனாவுக்கோ மாற்றலாம். பேனாவில் 4 மில்லிமீட்டர் ஊசியே பெரியவர்களுக்குப் போதும், எண்ணைத் திருப்பி வைத்தால் சரி, கண் மங்கியவர்களுக்கு மிகவும் வசதி. செலவு கூடும் என்பது உண்மைதான். பாட்டில் இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது, செலவுதான் தடை என்றால் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: ஊசி போட்ட நேரம், இடம், சாப்பிட்ட நேரம், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை, இறங்கினால் எத்தனை மணிக்கு. அந்த நோட்டோடு பாட்டில், சிரிஞ்ச், மிஷின் மூன்றையும் எடுத்துப் போங்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டி உள்ள இடத்தை எழுதும் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

போட்டு முடித்த ஊசிகளை மட்டும் குப்பைக் கவரில் அப்படியே போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். குப்பை பிரிக்கும் அக்காக்களின் கையில் இன்சுலின் ஊசி குத்திய காயத்தோடு எங்களிடம் பலர் வந்திருக்கிறார்கள்.